இரண்டு மழை டேபிள்கள்

நானும் என் நண்பரும் எழுதிவந்த மழைக் குறிப்புக்கு ஒரு விதி இருந்தது. காலை எட்டரைக்குத்தான் மழைமானியைப் பார்க்க வேண்டும். சுரங்க வேலையில் யாருக்கு முதல் ஷிப்டோ, அவர் வீட்டு மானியையும் மற்றவரே போய்ப் பார்க்க வேண்டும். என்னைவிட இரண்டு வயது மூத்த அந்த நண்பரின் குவார்ட்டர்ஸ் மூன்று பிளாக் தள்ளி. அங்கே கொட்டித் தீர்த்த மழை இங்கே தூறக்கூட இல்லை என்ற நாட்கள் உண்டு. பதினோரு ஆண்டுகள் ஒரு நாளும் தவறவில்லை.

அளவுகளை எழுதிய நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸாக்கியவர் அவர்தான். முதல் எழுத்தைப் பெரியதாக வைத்து, அதிலிருந்த டேபிளுக்கு, அதாவது அட்டவணைக்கு, Mazhai என்று பெயரிட்டார். அளவை நிரப்ப ஒரு திரையும் செய்தார். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போகும்போது எல்லாவற்றையும் என் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் திரை திறக்கவில்லை. நானே கட்டளையைத் தட்டினேன். mazhai என்று ஒரு டேபிளே இல்லை என்றது. பதினோரு ஆண்டு மழையையும் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கி, அன்றிலிருந்து எழுதினேன். அவர் வீட்டு அளவுக்கான கட்டம் தினமும் காலியாகவே இருந்தது.

ஐப்பசியில் அவரே போன் செய்தார்.

"என்னாய்யா, நம்மூருல கொட்டுதாமே. எழுதிகினு வரியா?"

நடந்ததைச் சொன்னேன்.

"அடப்பாவி, ரெண்டு மாசமா மறைச்சிகினா இருந்தே? பேர மேற்கோள் குறிக்குள்ள போடு. மொத எழுத்து பெரிசு."

போட்டேன். ஆண்டு ஆண்டாக மழை இறங்கி வந்தது. குறி இல்லாமல் தட்டினால் அந்த டேட்டாபேஸ் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாகவே எடுத்துக்கொள்ளுமாம். அவர் குறிக்குள் வைத்த பெயர் அதற்கு வேறு பெயர். இரண்டு மாதமாக இரண்டு டேபிள்களும் அடுத்தடுத்த வீடாக இருந்திருக்கின்றன.

அவர் வீட்டுக் கட்டம் நிரம்பிய கடைசி நாளைப் படித்துக் காட்டினேன். நான்கு மில்லிமீட்டர்.

"லாரில சாமான் ஏத்திகினு இருந்தோம். நீ குடைய புடிச்சிகினு மானியப் பாத்தே," என்றார்.

இரண்டு டேபிள்களையும் சேர்க்க ஒரு வரிக் கட்டளை போதும். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வரும் மே மாதத்தோடு நானும் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

"சேக்கறது எனக்கு வராதுங்க. நீங்கதான் வந்து செய்யணும்."

"ஒரு வரிக்காக அவ்ளோ தூரம் பஸ்ஸுல வரணுமா நான்?"

"ஆமாங்க."

சிரித்தார். மகளிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

"பொங்கலுக்கு வரேன். அதுவரைக்கும் நீ தொடாத."

தொடவில்லை. மார்கழி பாதி போய்விட்டது.