நான் நடந்த பாட்டு

குரோம்பேட்டையில் எங்கள் தொடக்கப் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அந்தப் பெண் அதிகாரியின் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு என் பெயரைச் சொல்ல வேண்டும். அன்று இருந்த பயத்தில் அது எனக்கு நினைவில்லை. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி, பேனா மூடியைத் திறந்து திறந்து மூடும் விரல்கள். ஒவ்வொரு 'டிக்'குக்கும் நான் லேப்டாப்களை ஒருமுறை எண்ணிக்கொண்டேன். அவருக்குப் பிடிக்காவிட்டால் என் மூன்றாம் வகுப்பின் நான்கு லேப்டாப்களும் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

லேப்டாப் திரையில், கட்டத்துக்கு ஓர் ஒலியாக வண்ணக் கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகள் செய்திருந்த இசையை ஓடவிட்டேன். டுக் டுக் டுக் டுக், பிறகு நீண்ட மௌனம், மறுபடி டுக் டுக்.

"இது என்ன பாட்டும்மா?" என்று அதிகாரி முன்பெஞ்சுச் சிறுமியிடம் கேட்டார்.

"நீங்க வர்றீங்கன்னு ஃபோன் வந்துச்சுல்ல மிஸ், அப்போ எங்க சார் நடந்த சத்தம்."

"நடுவுல ஏன் காலியா இருக்கு?"

"அங்க சார் சாமி கும்பிட்டார்."

நான் கரும்பலகையோடு ஒட்டிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. ஏதோ எழுதினார். அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. யாரென்று பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார். "இதோ சார், வந்துட்டே இருக்கேன் சார்" என்றபடி வராந்தாவுக்குப் போனார். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. டுக் டுக் டுக் டுக். பிறகு மௌனம்.

"சார், மிஸ்ஸும் சாமி கும்பிடறாங்க" என்றாள் அந்தச் சிறுமி.

லேப்டாப்கள் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன. அந்த மௌனத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.