டிபன் பையில் மூன்று தீப்பெட்டிகள்

போன திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு, நான் வேலை பார்க்கும் பட்டாசு கம்பெனியின் கேட்டில் என்னைச் சோதனை போட்டார்கள்.

அங்கே நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். ஆனால், ஊரில் உள்ளவர்களின் தப்பையெல்லாம் வாராவாரம் இந்தப் பக்கத்தில் சிரித்துச் சிரித்து எழுதியவன், தன் முறை வரும்போது மட்டும் தலைவலி என்று லீவு போட்டால் நியாயமா?

எழுதிவிடுகிறேன். ஆனால் கேட்டிலிருந்து ஆரம்பிக்க முடியாது. ஒரு ஃபுட்பால் பிளேயரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

தீபாவளி முடிந்ததும் எங்கள் பக்கம் பட்டாசு கம்பெனிகளை மூடிவிடுவார்கள். மூன்று நான்கு வாரம் ஊரே லீவு. வருஷம் பூரா வெடிமருந்தோடு மல்லுக்கட்டியவர்கள் அந்த லீவில் என்ன செய்வார்கள்? எங்கள் விஸ்வநத்தத்தில் ஃபுட்பால் ஆடுவார்கள். சுற்றுவட்டார டீம்கள் சேர்ந்து ஐந்து நாள் டோர்னமென்ட். ஒவ்வொரு டீமும் வெளியூரிலிருந்து ஒரே ஒரு 'கெஸ்ட் பிளேயரை' இறக்கிக்கொள்ளலாம்.

எங்கள் டீமுக்குப் பெயர் இளந்தென்றல் கால்பந்துக் கழகம். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் என் மகன் கதிர்தான் கோல்கீப்பர். நான் துணைத்தலைவர். அதாவது, பந்தைத் தொடாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே டீமை நடத்துகிறவன்.

இந்த வருஷம் செயலாளர் மாரியப்பன் ஒரு பெயரைச் சொன்னார். அவர் என் கம்பெனியில்தான் போர்மேன். "சூலக்கரைப் பக்கம் பால்பாண்டின்னு ஒரு ஃபார்வர்டு. அவன எடுத்துருவோம்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

பால்பாண்டியைத் தெரியாதவர்கள் எங்கள் வட்டாரத்தில் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, தனக்கு எதிராக ஃபவுல் கொடுத்த ரெஃப்ரியின் கழுத்திலிருந்து விசிலைப் பிடுங்கி மைதானத்துக் கிணற்றில் போட்டவன். மீதி ஆட்டத்தை ரெஃப்ரி கைதட்டி நடத்தினார். கூட்டமும் கூடவே கைதட்டியதில் ஆட்டம் எங்கே நின்றது, எங்கே நடந்தது என்று யாருக்குமே தெரியவில்லை.

"அவனா? விசிலத் தூக்கிக் கெணத்துல போட்டவன் நாளைக்கு ரெஃப்ரியவே தூக்கிப் போடுவான்" என்றார் தாவூது பாய். டவுனில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். எங்கள் ரசிகர் மன்றத் தலைவர்.

"பாய், நாம என்ன பொண்ணுக்கு மாப்பிள்ளையா பாக்கோம்? கோல் போடுறவனுக்கு எதுக்குக் கேரக்டர் சர்டிபிகேட்?" என்றார் மாரியப்பன்.

"பேருன்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணாச்சி?"

"டிவில பாக்கீகள்ல? வெளிநாட்டுல பெரிய பெரிய கிளப்பெல்லாம் இந்த மாதிரி ஆளுகளத்தான் தேடித் தேடி எடுக்கான். புதுப்பட்டிக்காரனும் இவனுக்குத் தூது விட்டுட்டான். அங்க போயி நமக்கு எதிரா கோல் போட்டா என்ன செய்வீக?"

தாவூது பாய் தாடியைத் தடவினார். "அப்படியா? அப்பிடின்னா... பய கொஞ்சம் துடிப்பான பயதான்."

கவனித்தீர்களா? எதிர் டீமில் இருந்தால் ரவுடி. நம் டீமுக்கு வந்தால் துடிப்பான பையன். உலகம் பூரா ரசிகன் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "விசிலை விடுங்க. அவன் பட்டாசு கம்பெனி கேட்டுல தீப்பெட்டியோட பிடிபட்டவன். அது தெரியும்ல?"

தூக்கிய டீ கிளாஸ்கள் அப்படியே பெஞ்சில் இறங்கின.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். எங்கள் பக்கம் ஒருவன் குடிக்கலாம், அடிதடிக்குப் போகலாம், கொழுந்தியாளோடு சண்டை போட்டுக் கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். நாலு மாதத்தில் ஊர் மறந்துவிடும். ஆனால் பட்டாசு கம்பெனிக்குள் தீப்பெட்டி கொண்டு போனவனை மறக்காது. அந்தக் கேட்டுக்குள் மனைவியோ மகளோ வேலை பார்க்காத வீடு எங்கள் தெருவில் இல்லை.

கிடைத்த சந்தர்ப்பத்தில் நான் விரல் விட்டு மூன்று பாயிண்ட் சொன்னேன். ஒன்று, கழகத்தின் பெயர் கெடும். இரண்டு, பழக்கம் சின்னப் பையன்களுக்குத் தொற்றும். மூன்று, ஒரு தடவை செய்தவன் மறுதடவையும் செய்வான்.

இரண்டாவது பாயிண்டில் 'சின்னப் பையன்கள்' என்று நான் சொன்னது ஒரே ஒரு பையனைத்தான். பால்பாண்டி பீடி குடிப்பான். கதிருக்கு வயது பத்தொன்பது. பெற்றவனுக்குத் தெரியாதா எதற்குப் பயப்பட வேண்டுமென்று?

மாரியப்பன் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார், "சார் சொல்றது நூத்துக்கு நூறு சரி. இவன ஒரு பொறுப்பான ஆளு கண்ணு முன்னாலதான் வச்சிருக்கணும். எப்பவும் கெஸ்ட் பிளேயர் யாரு வீட்டுலயாவதுதான தங்குறாக? அஞ்சு நாளும் சார் வீட்டுல தங்கட்டும்."

அத்தனை கையும் தூக்கப்பட்டது. தாவூது பாய் இரண்டு கையையும் தூக்கினார்.

பால்பாண்டி வந்தான். ஆள் ஒல்லி. செருப்பை வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்தான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினான். எனக்குச் சந்தேகம் இன்னும் அதிகமானது. இவ்வளவு நல்லவனாக ஒருவன் ஏன் நடிக்க வேண்டும்?

முதல் நாளே கதிரிடம், 'அவன்கூடச் சேராதே' என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த தீப்பெட்டிகளைப் பறிமுதல் செய்தேன். சமையல்கட்டில் ஒன்று, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒன்று, கரண்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்ற ஒன்று. ஆக மொத்தம் மூன்று. எங்கே ஒளிப்பது? ஆணியில் என் டிபன் பை தொங்கியது. கம்பெனி லீவு. அந்தப் பையை யாரும் தொடப்போவதில்லை. அடியில் விரித்திருந்த பழைய பேப்பருக்குக் கீழே வைத்தேன்.

அடுப்புப் பற்ற வைக்க வேண்டுமென்றால் என்னிடம் வர வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு குச்சி.

"ஊரு உலகத்துக்கே தீப்பெட்டி செஞ்சு அனுப்புற ஊர்ல குடியிருக்கேன். காப்பி போட ஒரு குச்சிக்கு உங்ககிட்ட வந்து நிக்கணுமா?" என்றாள் என் மனைவி சாந்தி.

"மெதுவாப் பேசு. அவன் காதுல விழும்."

"விழட்டும். உங்களைவிட அந்தத் தம்பி தேவல. எனக்குத் தேங்காயாவது திருகிக் கொடுக்கு."

மூன்றாம் நாள் அவள் பாத்திரக்கடைக்குப் போய் ஒரு கேஸ் லைட்டர் வாங்கி வந்து என் முன்னால் மூன்று தடவை 'டிக் டிக்' என்று அழுத்திக் காட்டினாள். "உங்க தீப்பெட்டிய நீங்களே பத்திரமா வச்சுக்கோங்க."

வைத்துக்கொண்டேன். யாரும் கேட்காததால் மறந்தும் போனேன்.

பால்பாண்டிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பீடி குடிக்க மெயின்ரோட்டுக்குப் போவான். கதிர் பின்னாலேயே கிளம்பினால், "நீ போயி பந்தப் பிடிச்சுப் பழகுலே" என்று திருப்பி அனுப்புவான். இதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐந்து நாளும் ஜன்னல்தான் எனக்கு வேலை.

ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டி டீமோடு ஃபைனல். பால்பாண்டி ஒரு கோல் போட்டான். அவர்களும் ஒன்று போட்டார்கள். கடைசி நேரத்தில் எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி. அநியாயமான பெனால்டி. துணைத்தலைவர் என்ற முறையில் இதைப் பதிவு செய்கிறேன்.

ரெஃப்ரியை நோக்கி ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு ஓடினான். ஊரே எதிர்பார்த்த பால்பாண்டி இல்லை. என் மகன் கதிர்!

பால்பாண்டிதான் அவனை இடுப்போடு சேர்த்துப் பிடித்து நிறுத்தினான். "ஏலே, வேண்டாம்லே! அந்த விசில்ல மட்டும் கை வைக்காத. ரெண்டு வருசமாப் படுறேன், அனுபவத்துல சொல்றேன்."

பெனால்டியில் தோற்றோம். ஆனாலும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். ஐந்து நாள் முடிந்தது. பையன் பீடி பிடிக்கவில்லை. மறுநாள் சாயங்கால பஸ்ஸில் பால்பாண்டி ஊருக்குப் போகிறான். எனக்குக் காலையில் கம்பெனி திறக்கிறார்கள்.

இனி கேட்டுக்கு வருவோம்.

நான் கம்பெனியில் மருந்து ஸ்டோர் சூப்பர்வைசர். கெமிஸ்ட்ரி படித்தவன் என்பதால் பாதுகாப்பும் என் பொறுப்பு. கேட்டில் 'தீப்பெட்டி, பீடி, சிகரெட், செல்போன் கொண்டு வராதீர்' என்று ஒரு போர்டு இருக்கிறது. என் கையெழுத்துதான். வாட்ச்மேன் சோலையப்பன் பன்னிரண்டு வருஷமாக எல்லோரையும் தடவிப் பார்ப்பார். என்னை மட்டும், "சார், நீங்க போங்க" என்பார்.

தீபாவளிக்கு மூடும்போது நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்: "திறக்கிற அன்னைக்கு யாரா இருந்தாலும் சோதிக்கணும். ஓனரே வந்தாலும் விடக்கூடாது." சொல்லிவிட்டு அதையும் மறந்துவிட்டேன். சோலையப்பன் மறக்கவில்லை.

"சார், பை" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "பாத்துக்கோங்க, எனக்கே சோதனை" என்று சொல்லிப் பையைக் கொடுத்தேன்.

அவர் டிபன் கேரியரை எடுத்து மேஜையில் வைத்தார். பழைய பேப்பரைத் தூக்கினார். தீப்பெட்டி ஒன்று. இரண்டு. மூன்று. வரிசையாக அடுக்கினார். மேஜைக்கு நேர் மேலே என் போர்டு.

"யாத்தே!" என்றது வரிசையில் ஒரு குரல்.

திறக்கிற அன்றைய பூஜையைக் கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே வைப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னேன். "சோலையப்பா, அது... பூஜைக்குக் கற்பூரம் கொளுத்த."

"பூஜை ரோட்டு மேல முடிஞ்சு அரை மணி நேரமாச்சு சார்."

சிரிக்கிறீர்களா? நானும் சிரிக்கத்தான் பார்க்கிறேன். ஆனால் கண்ணை மூடினால் வேறொன்று தெரிகிறது. கேட்டைத் தாண்டினால் நான் நேராகப் போவது மருந்து ஸ்டோருக்கு. அந்தப் பையை மாட்டுவது ஸ்டோர் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில். சோலையப்பன் வழக்கம்போல "சார், நீங்க போங்க" என்று சொல்லியிருந்தால்...

பிடிபட்டவர்களை எழுதும் கேட் நோட்டில் என் பெயரை எழுதினார்கள். மேனேஜர் ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார். திரும்ப எடுப்பதா வேண்டாமா என்று வருகிற திங்கட்கிழமை சொல்வார்களாம்.

சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மாரியப்பன், தாவூது பாய், பஸ்ஸுக்குக் காத்திருந்த பால்பாண்டி, கதிர் என எல்லோரும் இருந்தார்கள். எனக்கு முன்னாலேயே செய்தி வந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

"வாங்க சார், உக்காருங்க" என்றார் தாவூது பாய். "ஒண்ணு, கழகத்தோட பேரு கெடும். ரெண்டு, பழக்கம் தொத்தும். மூணாவது என்னமோ சொன்னீகளே?"

"ஒரு தடவ செஞ்சவன் மறுதடவயும் செய்வான்" என்று எடுத்துக் கொடுத்தார் மாரியப்பன். "அப்ப சாரைக் கழகத்துல வச்சுக்கிறதா வேண்டாமா?"

"அது என்னோடது இல்லப்பா. அதாவது, என்னோடதுதான். ஆனா நான் கொண்டு போகல. கொண்டுதான் போனேன், பையில இருந்தது தெரியாது..."

கடையே சிரித்தது. ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"நானும் இதையேதான் சார் சொன்னேன்" என்றான் பால்பாண்டி. "எங்க மச்சான் சட்ட. காலைல அவசரத்துல மாட்டிக்கிட்டுப் போயிட்டேன். பாக்கெட்டப் பாக்கல."

"ஏன்லே இத அன்னைக்கே சொல்லல?" என்றார் மாரியப்பன்.

"சொன்னேன் அண்ணாச்சி. இப்பச் சிரிச்சீகல்ல, அதே மாதிரிதான் சிரிச்சாக."

சட்டை உண்மையிலேயே மச்சானுடையதா? எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கடையில் நான் சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவன்தான். அவனை ஐந்து நாள் என் வீட்டில் வைத்திருந்தேன். ஒரு நாளாவது கேட்டேனா?

பஸ் ஹாரன் கேட்டது. பால்பாண்டி பையைத் தோளில் போட்டுக்கொண்டான். "சாரக் கழகத்துல வச்சுக்கோங்க அண்ணாச்சி. அஞ்சு நாளு கூட இருந்து பாத்துட்டேன், நல்ல மனுசன்தான். சந்தேகமா இருந்தா யாராவது பொறுப்பான ஆளு வீட்டுல அஞ்சு நாள் தங்க வைங்க."

இந்தத் தடவையும் அத்தனை கையும் தூக்கப்பட்டது. துணைத்தலைவர் பதவி தப்பித்தது. வேலை தப்பிக்குமா என்பது திங்கட்கிழமை தெரியும்.

கதிரும் என்னோடு வீட்டுக்கு நடந்து வந்தான். தெரு முனையில் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"ஏம்ப்பா, இனிமே நான் உங்ககூடச் சேரலாமா, கூடாதா?"