ஸ்கூட்டரில் முன்னால் நிற்பவன்

எங்கள் ஸ்கூட்டரில் மூன்று பேருக்கும் அவரவர் இடம் உண்டு. ஓட்டுபவர் என் கணவர். அவர் முழங்கால்களுக்கு நடுவே, கால் வைக்கும் பலகையின் மேல் நின்றுகொண்டு வருபவன் எங்கள் ஐந்து வயது மகன். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டிருப்பவள் நான். போலீஸ்காரர் நிறுத்துவார் என்ற பயத்தில் நாங்கள் இருவரும் ஹெல்மெட் போட்டுக்கொள்வோம். மகனுக்குக் கண்ணில் தூசி விழக்கூடாதே என்று அறுபத்து மூவர் திருவிழாவில் ஒரு பிளாஸ்டிக் கூலிங் கிளாஸ் வாங்கிக் கொடுத்திருந்தோம். எங்கள் அக்கறை அவ்வளவுதான்.

சிக்னலில் வண்டி சட்டென்று நின்றால் நான் அவர் முதுகில் போய் மோதுவேன். அவர் பிள்ளை மேல் சாய்வார். நடுவில் மாட்டிக்கொண்டு அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். "இன்னொரு வாட்டி பிரேக் போடுப்பா" என்பான். அவரும் ஆள் நடமாட்டம் இல்லாத தெருவாகப் பார்த்து இன்னொரு வாட்டி போடுவார். அப்படி மூவரும் ஒட்டி நசுங்குவதில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அரசு வேலைக்கான தேர்வு எழுதலாம் என்று முப்பத்தைந்து வயதில் எனக்கு ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் நடக்கும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். வரலாறும் தமிழும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அறிவியல்தான் கழுத்தை அறுத்தது. பத்தாவதோடு நான் தலை முழுகிவிட்டு வந்த விசையும் இயக்கமும் அங்கே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

பக்கத்து நாற்காலிக்காரி சாந்தோமைச் சேர்ந்தவள், என் வயதுதான். இயற்பியல் படித்துவிட்டுக் கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள். அவளுக்குத் தமிழ் இலக்கணம் என்றால் காய்ச்சல் வந்துவிடும். நான் அவளுக்குப் புணர்ச்சி விதி சொல்லிக்கொடுப்பேன், அவள் எனக்கு நியூட்டன் விதி சொல்லிக்கொடுப்பாள். வகுப்பு முடிந்ததும் பனகல் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை அங்கேயே முடித்துவிடுவோம். வீட்டுக்குப் போய்விட்டால் அடுப்புதான் கூப்பிடும்.

அன்றைக்கு வீட்டுப்பாடம், விசை என்பது நிறையை முடுக்கத்தால் பெருக்குவது. பேருந்து ஒன்று மோதி நிற்கிறது, பயணியின் மேல் எவ்வளவு விசை என்று கேட்டிருந்தார்கள். சூத்திரம் எனக்கு மனப்பாடம். ஆனால் எந்த எண்ணை எங்கே போடுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"புக்ல இருக்கற பஸ்ஸ விடுடி. உங்க ஸ்கூட்டர எடுத்துக்கோ. எவ்ளோ ஸ்பீடுல போவீங்க?"

"நாப்பது போவாரு."

"முப்பத்தாறுன்னு வெச்சுக்கோ, கணக்கு சுலபமா வரும். செகண்டுக்குப் பத்து மீட்டர். பையன் என்ன வெயிட்?"

"பதினெட்டு கிலோ. ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கறான்."

"சரி. முன்னால போற பஸ் சடனா நிக்குது. நீங்க போய் முட்டறீங்க. வண்டி நிக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"டக்குனு நின்னுடும்."

"அந்த டக்குக்கு ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்குன்னு போடு."

போட்டேன். ஆயிரத்து எண்ணூறு நியூட்டன் வந்தது. நியூட்டனில் சொன்னால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கிலோவில் சொல் என்றேன்.

"நூத்தியெண்பது கிலோவ தாங்கிப் புடிக்கற மாதிரி" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கணக்கைப் புரட்டினாள்.

நான் மளிகைக் கடைக்காரர் மனைவி. கிலோ என்றால் எனக்கு மூட்டையாகத்தான் தெரியும். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் ஏழு, ஒன்றின் மேல் ஒன்றாக என் கண் முன்னால் நின்றன. எங்கேயோ ஒரு சைபரைக் கூட்டிப் போட்டுவிட்டேன் என்று நினைத்துத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். அதே விடைதான் வந்தது.

"அவரு கெட்டியா புடிச்சுப்பாரு" என்றேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

"அவர யாரு புடிப்பா? பின்னால நீ வேற இருக்கியே."

இதைச் சொல்லிவிட்டு, வண்டி நின்றாலும் அதன் மேல் இருப்பது நிற்காது என்கிற நிலைமம் எனக்கு நன்றாகப் பதியட்டும் என்று அவள் ஒரு காரியம் செய்தாள். தடிமனான கைடு புத்தகத்தைப் பெஞ்சின் மேல் வைத்தாள். அதன் முன் விளிம்பில் அவளுடைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ், ஹேண்டில்பாராம். அதற்குப் பின்னால், மகனுக்காக நான் எடுத்து வைத்திருந்த வாழைப்பழம். அதற்குப் பின்னால் தண்ணீர் பாட்டில், கடைசியில் என் புத்தகப் பை. புத்தகத்தைச் சர்ரென்று தள்ளி, இன்னொரு கையால் டிபன் பாக்ஸோடு சேர்த்து நிறுத்தினாள். பையும் பாட்டிலும் நிற்கவில்லை. வாழைப்பழம் டிபன் பாக்ஸில் அப்பிக்கொண்டது. தோல் வெடித்து உள்ளே இருப்பது பிதுங்கி வந்தது.

பார்க்கில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்த சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. முன்னால் எது வந்தாலும் பின்னால் நாங்கள் இருக்கிறோம், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அவனை நசுக்குவதற்கு லாரி வர வேண்டியதில்லை. நாங்களே போதும். நானும் அவரும் சேர்ந்தால் நூற்று முப்பது கிலோ.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் பதறிப்போனாள். "அய்யோ, நான் சும்மா நிலைமத்துக்குத்தாண்டி காட்டினேன்" என்றாள்.

"அவன நடுவுல உட்கார வெச்சா?"

"அப்பவும் பின்னால நீதான்" என்றாள்.

கடையைச் சாத்திவிட்டு என்னை அழைத்துப்போக என் கணவர் வருகிற நேரம் அது. பையையும் நசுங்கிய பழத்தையும் எடுத்துக்கொண்டு பார்க் வாசலுக்கு ஓடினேன். கூட்டத்துக்கு நடுவே ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. முன்னால் கூலிங் கிளாஸோடு மகன், ஊருக்கே ராஜா மாதிரி நின்றுகொண்டு வந்தான். அவன் நெஞ்சுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு விரல் இடம்கூட இல்லை. இத்தனை நாளும் அதை நான் பார்த்ததே இல்லை.

"இன்னாமே, ஏறு. மழை வர்ற மாதிரி கீது" என்றார் அவர்.

மகன் என் கையைப் பார்த்தான். "யாரும்மா பழத்த நசுக்குனது?"

அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுரோட்டில், நாலு பேர் பார்க்க, அழுதுகொண்டே ஏறமாட்டேன் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். அழுகையோடு இயற்பியல் சொன்னால் யாருக்குப் புரியும்?

"இன்னாத்துக்கு இப்போ அழுவுற? ஊரே இப்படித்தான் போய்க்கினு கீது. எங்க நைனா வண்டில நானும் இப்படித்தான் நின்னுக்கினு போனேன். எனக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. உங்க நைனா எதுலயும் முட்டல, அதான்."

"நான் புடிச்சுக்கினுதான வரேன். வுட்டுடுவேனா?"

"ஒரு கையால எத்தினி அரிசி மூட்டை தூக்குவீங்க?"

அவருடைய பலத்தைப் பரீட்சை பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "இருபத்தஞ்சு கிலோவா? ஒரு கையாலன்னா ஒண்ணு. தோள்ல போட்டா ரெண்டு."

"வண்டி முட்டுச்சுன்னா இவன் ஏழு மூட்டை. அதுவும் டக்குனு. அதுக்கப்புறம் நம்ம ரெண்டு பேரும் இவன் மேல விழுவோம்."

தினமும் மூட்டை இறக்குகிறவரிடம் ஏழு மூட்டை என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வண்டியை ஆஃப் பண்ணினார். மகனைத் தூக்கிப் பிளாட்பாரத்தில் நிறுத்தினார். தன் இடம் பறிபோன கோபத்தில் அவன் போட்ட கூச்சலில் பூக்காரம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"பஸ்ல போங்க. நான் பின்னாலயே வரேன்" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மயிலாப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பின்னால் அப்பாவின் ஸ்கூட்டர் தெரிந்ததும் மகன் அழுகையை நிறுத்தினான்.

தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றது. எங்கள் ஜன்னலை ஒட்டி ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டுபவருக்கும் பின்னால் இருந்த பெண்ணுக்கும் ஹெல்மெட். முன்னால் ஒரு பெண் குழந்தை, நாலு வயது இருக்கும், இரண்டு கைகளாலும் பக்கக் கண்ணாடிகளின் தண்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றது. கண்ணில் ரோஸ் கலர் கூலிங் கிளாஸ். என் மகன் அதைப் பார்த்துக் கையாட்டினான்.

நான் ஜன்னல் கம்பியைப் பட்பட்டென்று தட்டினேன். "குழந்தைய முன்னால நிக்க வெக்காதீங்கம்மா" என்று கத்தினேன். ஹாரன் சத்தத்தில் அந்தப் பெண்ணுக்கு எதுவும் கேட்கவில்லை. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். பிறகு முன்னால் எட்டி, குழந்தையிடம், "அண்ணனுக்கும் ஆன்ட்டிக்கும் டாட்டா சொல்லு" என்றாள்.

குழந்தை ஒரு கையை எடுத்துவிட்டு டாட்டா காட்டியது. பச்சை விழுந்தது. அவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். பின்னால் நின்றிருந்த என் கணவர் வண்டியைக் கிளப்பாமல் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.