பெரியண்ணையின் மீன்தொட்டி

பண்ணை வீதியால் வந்த பஸ்ஸில் பெரியண்ணை ஒரு கண்ணாடிப் பெட்டியை மடியில் ஏந்திக்கொண்டு இருந்ததுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணத்துக் கடையில் அளவு சொல்லி வெட்டி ஒட்டுவித்த பெட்டி. பசை இன்னும் சரியாக இறுகவில்லை, அழுத்திப் பிடிக்க வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகு மனிதர் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மண்கும்பானில் பஸ் ஒரு குழியில் விழுந்தபோது பெட்டியோடு அப்படியே எழுந்து நின்றுவிட்டார். சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். இளம் கடற்படைக்காரன் ஒருவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து இந்தப் பக்கம் இருந்த பெரியண்ணையின் முகத்தைப் பார்த்து, அரைத் தமிழில் என்ன இது என்று கேட்டான். மீன் என்றார் பெரியண்ணை. மீன் எங்கே என்றான் அவன். இனித்தான் வாங்க வேண்டும் என்றார். அவன் சிரித்துவிட்டுப் போகவிட்டான். சமாதானம் என்று சொல்லப்பட்ட காலம் அது. சாவடிகளிலும் சிரிப்பு இருந்தது.

நாங்கள் தீவில் நாரந்தனைப் பக்கம் கடல்தொழில் செய்த குடும்பம். பெரியண்ணை என் மூத்த அண்ணன், நான் அவருக்குத் தங்கச்சி. அவருடைய மனைவி, என் மச்சாள், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். நான் கலியாணம் கட்டாமல், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு அவர்களோடும் அவர்களுடைய பிள்ளைகளோடுமே இருந்தேன். இதில் யாருடைய பேரையும் போடவில்லை. ஏன் என்பது வாசித்து முடித்தால் விளங்கும். சமாதானத்துக்கு முந்திய மாரியில், வாடைக்காற்றில் பெரியண்ணையின் வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவன் மச்சாளின் தம்பி. பெரியண்ணை ஒரு வெறும் எண்ணெய்க் கானைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார். தம்பி சேரவில்லை. தம்பியின் எட்டாம் நாள் செலவு முடிந்த அன்று மச்சாள் பெரியண்ணையின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்து, இனிக் கடலுக்குப் போகமாட்டேன் என்று அந்தோனியார் பேரில் சத்தியம் வாங்கினாள். எங்கள் முன்னால்தான் வாங்கினாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் சத்தியம் செய்தார். ஊரே அதைக் கதைத்தது. அப்பேர்ப்பட்ட தொழிலாளியை ஒரு பெண் கரையில் கட்டிப்போட்டுவிட்டாளே என்று ஆண்கள் வாய்விட்டுச் சொன்னார்கள். கடல்தொழில் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர் எத்தனை காலத்துக்குச் சத்தியத்தைக் காப்பாற்றுவார் என்பதுதான் எங்கள் எல்லோருடைய பயமும். மச்சாளுக்கு அந்தப் பயத்தில் நித்திரையே குறைந்துபோனது.

பெரியண்ணை மேசனுக்குக் கல் எடுத்துக் கொடுத்தார், வேலி அடைத்தார், ஒன்றிலும் கை ஓடவில்லை. அந்த நேரத்தில்தான் தெற்குக்குப் போகிற பாதை திறந்து, கொழும்பிலிருந்து வளர்ப்பு மீன் யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கு வரத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள் வீடுகளைத் திருத்தி, விறாந்தையில் மீன்தொட்டி வைக்க ஆசைப்பட்டார்கள். பெரியண்ணை அதைக் கண்டுகொண்டு வந்து, மீனை உயிரோடு வளர்த்து விற்கலாம், வலையும் வேண்டாம் வள்ளமும் வேண்டாம் என்று சொன்னபோது மச்சாள் அடுப்பை விட்டு எழும்பி வந்து கேட்டாள். முதலில் ஒரு தொட்டி, அதில் பலவகை மீன் ஒன்றாக இருக்க வேண்டும், அது சரிவந்தால் பிறகு பெருக்கலாம் என்பது திட்டம். கடைக்காரர் தந்த சின்னப் புத்தகத்தை நான் வாசித்துச் சொன்னேன். மேல்தண்ணியில் ஓடுவது, நடுவில் நிற்பது, அடியில் மேய்வது என்று மூன்று விதமாகச் சேர்க்க வேண்டும் என்றதும், கடலிலும் அப்படித்தானே என்று பெரியண்ணை பெருமையாகத் தலையாட்டினார். மேலுக்குக் கப்பி, நடுவுக்குக் கறுப்பு மொலியும் நீலக்கோடு போட்ட சின்ன மீன்களும், அடிக்கு மீசை வைத்த ஒரு சாதி. ஏஞ்சல் என்ற மீன் அழகாக இருந்தது. ஆனால் அது சின்ன மீன்களைத் தின்னும் என்று நான் வாசித்ததும் வேண்டாம் என்றார். ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தின்கிற சாதி எங்களுக்கு எதற்கு, அதற்கு ஊரே இருக்கிறது என்று மச்சாள் சொன்னாள்.

தண்ணீர் விசயத்தில்தான் பிழை வந்தது. எங்கள் தீவில் வீட்டுக் கிணறெல்லாம் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், வாயில் வைக்க ஏலாது. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும். வீட்டுக்கு இத்தனை கான் என்று அளந்துதான் விடுவார்கள். புத்தகத்தில் நன்னீர் மீன் என்று இருந்தது. நன்னீர் மீனுக்கு உவர்த்தண்ணியை ஊற்றுவானா ஒருத்தன்? இருக்கிறதில் சிறந்த தண்ணீரைக் கொடுக்க வேண்டும் என்று பெரியண்ணை நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தீவில் வேறு யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் குடிக்கிற தண்ணீரை மீனுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் சின்ன விசயமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்தால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். மச்சாள் தானே குசினியிலிருந்து கான்களைத் தூக்கிவந்து வைத்தாள். அந்த மாதம் முழுக்கக் கிணற்றுத் தண்ணியில்தான் தேத்தண்ணி. பிள்ளைகளுக்கு மட்டும் பவுசர்த் தண்ணியில் தனியாக வைத்தாள். நாங்கள் உப்புத் தேத்தண்ணி குடித்தோம். எனக்கு வாய்க்குள் போகவில்லை. மச்சாள் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, இந்த மனுசன் கரையில் இருக்குமென்றால் கடல்தண்ணியிலேயே தேத்தண்ணி வைப்பேன் என்றாள்.

புது வள்ளம் இறக்குகிற மாதிரியே எல்லாம் நடந்தது. கரையில் அள்ளிய வெள்ளை மணலை ஏழெட்டுத் தரம் கழுவிப் போட்டார். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு உரிய நாள், அன்றைக்குத்தான் மீன் விட வேண்டும் என்று நின்றார். பாதர் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார்; முதல் விளைச்சல் கோயிலுக்கு என்று பெரியண்ணை நேர்ந்துகொண்டார். பைகளை அவிழ்த்து விட்டதும் மீன்கள் அங்குமிங்கும் ஓடியதைப் பிள்ளைகள் கைதட்டிப் பார்த்தார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் முக்கால்வாசி வெள்ளை வயிறைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பஸ்ஸில் கொண்டுவந்த அலைச்சல் என்று பெரியண்ணை சொன்னார். தண்ணீரை முழுவதும் இறைத்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மச்சாள் கொடுத்த அடுத்த கான்களை ஊற்றி, மறுபடி மீன் வாங்கி வந்தார். மின்சாரம் நிற்கிற நேரங்களில் காற்று விடுகிற சின்ன மோட்டரும் நின்றுவிடும். அப்போது பால்மாப் பேணியால் தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே கதிரையில் இருப்பார். அப்படியிருந்தும் அவையும் அனேகம் செத்தன.

இரண்டாம் தரம் செத்த அன்று பின்னேரம் பெரியண்ணை எங்களுக்குச் சொல்லாமல் கரைக்குப் போனார். மச்சாளும் நானும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தோம். யாருடையதோ ஒரு வள்ளத்தின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் அளவுக்குப் போய் அப்படியே நின்றார். வெகுநேரம் நின்றார். மச்சாள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் தோலில் பதிந்துபோனது. அவரைக் கடல் கூப்பிடுதடி என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பிறகு அவர் திரும்பி வந்து, கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டு, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். முகம் சாம்பலாகிப் போயிருந்தது. கவலை என்று நினைத்தோம்.

அடுத்த நாள் மச்சாளுக்கு விசர் வந்ததென்றே சொல்ல வேண்டும். தொட்டியில் மூன்று கறுப்பு மொலியும் சில கப்பியும் குற்றுயிராக மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. இனிக் குடிக்கிற தண்ணியில் ஒரு சொட்டுத் தரமாட்டேன், இருந்தால் இருக்கட்டும் செத்தால் சாகட்டும் என்று கத்திக்கொண்டு, அவற்றை அள்ளிக் கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் கொட்டினாள். பெரியண்ணை தடுக்கவில்லை. பின்னேரம் பார்த்தால் மொலிகள் வாளிக்குள் ஒன்றையொன்று துரத்தி விளையாடுகின்றன. அந்த வாரம் பவுசர் கொண்டுவந்த பொடியன் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அக்கா, அது மருந்து போட்ட தண்ணியெல்லோ, கிருமி சாகிறதுக்குப் போடுகிறது மீனை விடுமோ, ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்துவிட்டு ஊற்றியிருக்கலாமே என்றான். மச்சாள் உள்ளே போய், எங்கள் எல்லோருக்கும் நல்ல தண்ணியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். அதைப் போல ஒரு தேத்தண்ணியை நான் பிறகு குடிக்கவில்லை.

நீலக்கோட்டு மீன்களையும் மீசைக்காரரையும் பெரியண்ணை கைவிட்டார். உவருக்கு ஒத்துவந்த மொலியும் கப்பியுமே எங்கள் தொட்டியின் குடிகள் ஆயின. வெள்ளை மணலும் அவற்றுக்குப் பிடித்துப்போனது. மொலி குட்டி போட்டது. நேர்ந்தபடி முதல் குட்டிகளை வாளியில் கொண்டுபோய்ப் பாதரிடம் கொடுத்தார். பாதர் உள்ளே எட்டிப் பார்த்து, இதைப் பொரிக்கிறதோ கறி வைக்கிறதோ என்று கேட்டாராம். கடைசியில் கோயில் தண்ணீர்த்தொட்டிக்குள் விட்டார். அந்த வருசம் அங்கே நுளம்புக்கடி குறைந்தது. அந்தோனியார் ஏற்றுக்கொண்டார் என்று பெரியண்ணை சொல்லித் திரிந்தார். பிறகு பின்வளவில் சீமெந்துத் தொட்டி கட்டினார். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் எடுத்தார், புளியங்கூடலில் புது வீடு கட்டியவர்கள் எடுத்தார்கள். பெரிய உழைப்பில்லை, ஆனாலும் அடுப்பு எரிந்தது. மச்சாள் உடம்பு வைத்தாள்.

சண்டை தொடங்கிப் பாதை மறுபடி பூட்டப்பட்டதும் எல்லாம் நின்றது. சீனிக்கும் மாவுக்கும் வரிசையில் நிற்கிற சனம் வளர்ப்பு மீனா வாங்கும்? கடைக்காரர் இனிக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கரையோடு மட்டும் தொழிலுக்குப் போய் வருகிறவர்களுக்குச் சில நாட்களில் கடற்படையின் அனுமதி கிடைத்தது. அவர்கள் வீடுகளில் கறி மணந்தது. எங்கள் பிள்ளைகள் சோறும் சம்பலும் தின்றார்கள். ஒரு மத்தியானம் குசினியில் நானும் மச்சாளும் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தோம். அவள் திடீரென்று பெரியண்ணையைக் கூப்பிட்டாள். அவர் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை எழும்ப வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, அண்டைக்கு என்ர தலையில கை வைச்சு வாங்கின சத்தியத்தை நான் இண்டைக்கு விடுறன். அந்தோனியாரிட்டையும் சொல்லிப்போட்டன். நீங்கள் தொழிலுக்குப் போங்கோ.”

இதைச் சொல்ல அவள் எத்தனை நாள் நெஞ்சுக்குள் மல்லுக்கட்டினாள் என்பது எனக்குத் தெரியும். தம்பியைக் கொடுத்தவள். பெரியண்ணை நிலத்தைப் பார்த்தார்.

“நான் உமக்காக நிண்டனான் இல்லை,” என்றார். “எனக்குப் பயம். முழங்காலுக்கு மேல தண்ணி ஏறினால் மூச்சு நிக்குது. எத்தினை தரம் இறங்கிப் பார்த்தனான், ஏலாது. நீர் சத்தியம் கேட்டது எனக்குப் பெரிய உதவியாப் போச்சு.”

மச்சாள் கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். அன்றைக்குக் கரையில் நாங்கள் பார்த்தது ஆசையை அல்ல என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மீன் செத்த போதெல்லாம் அந்த மனிதர் ஏன் அப்படி உடைந்தார் என்பதும் விளங்கியது. அந்தத் தொட்டியும் கைவிட்டால் அவருக்குத் திரும்பிப் போக ஓரிடமும் இருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. மச்சாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்ப நான் ஒரு மாசம் உப்புத் தேத்தண்ணி குடிச்சது?”

பெரியண்ணைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மச்சாள் அவரைப் பலகையில் இருத்தி, வெங்காயத்தைக் கையில் கொடுத்து, உரிக்கச் சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து கிடைத்த மாவில் இடியப்பம் அவித்து வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். அவர் மா அரித்தார், இடியப்ப உரலைப் பிழிந்தார். கரையில் குந்தியிருந்து மற்றவர்களுடைய கிழிந்த வலைகளையும் பொத்திக் கொடுத்தார். மனைவி விடுகிறாள் இல்லை, பாவம் அவன் என்று ஊர் சொல்லிக்கொண்டேயிருந்தது. இடியப்பம் கொண்டு போகிற வீடுகளில் அவளுடைய முகத்துக்கு நேரேயும் சொன்னார்கள். அவள் ஒருநாளும் மறுக்கவில்லை.

பெரியண்ணை நெஞ்சு வருத்தத்தில் போய்ச் சில வருசமாகிறது. விறாந்தையில் அவரைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் தொட்டி இருந்தது. மொலிகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. வந்த பிள்ளைகள் சவப்பெட்டியைப் பார்க்காமல் அவற்றையே பார்த்தார்கள். இப்போது தீவில் அனேகம் வீடுகளில் மீன்தொட்டி இருக்கிறது. போத்தலில் குடிதண்ணீர் விற்கிறது. செத்தவீட்டன்று, அவரோடு ஒருகாலம் ஒரே வள்ளத்தில் போன ஒரு கிழவர் தலைமாட்டில் நின்று, வாடைக்கே நெஞ்சைக் கொடுத்து நின்றவனைக் கடைசிவரைக்கும் கடலைக் காணவிடாமல் வைச்சிருந்திட்டியே பிள்ளை என்று சத்தம் போட்டு அழுதார். வீடு முழுக்கச் சனம். நான் வாயைத் திறக்கப் போனேன். மச்சாள் என் கையைப் பிடித்து அமத்தினாள். அழுத முகத்தை நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“ஓம் அண்ணை. அவர் எப்பவும் போகத்தான் நிண்டவர். நான்தான் விடேல்லை.”