ஐந்து ஊர் நோம்பி

சித்திரை வெயிலில் சூடேறிய ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், புதுப் பனியன் துணியும் மெஷின் எண்ணெயும் கலந்து எழும் வாடை தொண்டைக்குள் இறங்கும். வியர்த்த முன்கையில் பஞ்சுத் தூசி வந்து ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது, தேய்த்தால் திரியாகத் திரளும். நல்லூரில் எங்கள் வீட்டை ஒட்டி என் தகப்பனார் நடத்திய கம்பெனியில் பன்னிரண்டு தையல் இயந்திரங்கள் இருந்தன. சிறிய தொழில்தான். ஆனால், சொன்ன நாளில் சரக்கு போய்ச் சேரும் என்ற பெயர் அதற்கு இருந்தது; அதைத் தவிர வேறு விளம்பரம் எதையும் அவர் நாடியதில்லை. எனக்குப் பதினொரு வயது நடந்த ஆண்டில் அந்தப் பெயர் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முந்தைய ஆண்டு வரை எங்கள் டைலர்கள் அனைவரும் ஒரே ஊர்ப் பெண்கள். அவ்வூர் மாரியம்மன் திருவிழா வந்தது. எங்கள் பக்கத்தில் அதை "நோம்பி" என்போம். பன்னிரண்டு பேரும் நான்கு நாள் வரவில்லை, சரக்கு தாமதமானது. எங்களுக்குப் பெரும்பகுதி வேலை கொடுத்துவந்த ஏஜெண்டு, எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "ஆளையெல்லாம் நோம்பிக்கு அனுப்பீட்டுக் கம்பெனியில தனியா என்னுங்க பண்றீங்க? பேசாம நீங்களும் ஒரு மாவெளக்குத் தட்டத் தூக்கீட்டுப் போயிருக்கலாமுங்களே." போகும்போது செருப்பை மாட்டியபடி, "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா நான் வேற எடம் பாத்துக்கறனுங்க" என்றார். காப்பி டம்ளரைத் தகப்பனாரே எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதன் பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: இனி ஒரே ஊரில் ஆள் எடுப்பதில்லை. ஐந்து ஊரில் ஆள் எடுத்தால், ஒவ்வொரு நோம்பிக்கும் இரண்டு மூன்று பேர்தான் போவார்கள், வேலை நிற்காது. சொல்வதற்கு எளிது. உள்ளூரில் கை தேர்ந்த டைலர் கிடைப்பது அன்றும் அரிதுதான். மோட்டார் சைக்கிளில் காங்கேயம் சாலையோரத்து ஊர்களுக்கெல்லாம் போய், ஒரு வீட்டில் மாமியாருக்கும் இன்னொரு வீட்டில் அண்ணனுக்கும் சமாதானம் சொல்லி ஆள் சேர்த்தார். சேர்ந்த ஒருத்தி, பக்கத்துத் தெருக் கம்பெனியில் தேநீரோடு போண்டா தருகிறார்கள் என்று மூன்றாம் நாளே போய்விட்டாள். தகப்பனார் மறுநாளே போண்டாவுக்கு ஏற்பாடு செய்தார். அதற்குள் அங்கே பஜ்ஜிக்கு மாறியிருந்தார்கள். எப்படியோ ஆடியில் தொடங்கி ஐப்பசிக்குள், பழைய ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக விலகிய இடங்களில், ஐந்து ஊரிலிருந்தும் பன்னிரண்டு பேரைச் சேர்த்துவிட்டார்.

பங்குனி பிறந்ததும், ஐந்து ஊர்களிலும் நோம்பிக்கு நாள் குறித்துச் சாட்டிய தேதிகளை விசாரித்து வந்து என்னிடம் சொன்னார். வகுப்பில் என் கையெழுத்துக்கு நல்ல பெயர். ஊருக்கு ஒரு வண்ணமாக ஐந்து பென்சில்களால் ஒரு பெரிய தாளில் எழுதி, ஆபீஸ் அறையில் நானே ஒட்டினேன். ஒரு நோம்பியின் வண்ணம் இன்னொன்றின் நாள்மேல் ஏறவில்லை. தகப்பனார் அதை நெடுநேரம் பார்த்து நின்றது எனக்குப் பெருமையாக இருந்தது.

எட்டு மாதம் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து தைத்த பெண்கள், ஒருவருக்கொருவர் உறவுக்காரர்கள் ஆகிவிடுவார்கள் என்பதை அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

முதல் ஊர் நோம்பிக்கு இரண்டு பேர் விடுப்புக் கேட்டார்கள். அன்று காலையில் ஒருவர்கூட வரவில்லை. மறுநாள் தகப்பனார் கேட்டபோது, ஓவர்லாக் மெஷினில் தைக்கும் பழனாத்தாள் எழுந்து நின்று மரியாதையோடு சொன்னார்: "ஒரம்பரையா வரச்சொல்லிக் கூப்புட்டாங்க. கூப்புட்டும் போகாம இருந்தா நல்லாருக்குமுங்களா?" ஒரம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் உறவுக்கார விருந்தாளி. இரண்டாவது ஊர் நோம்பிக்கும் அதுவே நடந்தது. "போன வாரம் அவங்க ஊட்டுல தின்னுபோட்டு, இந்த வாரம் இவங்க ஊட்டுக்கு வரமாட்டேன்னா எப்படீங்க?" முன்பு ஒரு நோம்பிக்கு மூடிய கம்பெனியை, என் தகப்பனாரின் யோசனையால் ஐந்து நோம்பிக்கு மூட வேண்டியதாயிற்று.

மூன்றாவது நோம்பி பழனாத்தாளின் ஊரில், புதனும் வியாழனும். ஏஜெண்டின் லாரி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. திங்களன்று பழனாத்தாள் வெற்றிலை பாக்கோடு ஆபீஸ் அறைக்கு வந்து, "முதலாளி, அம்மிணியையும் கூட்டிக்கிட்டு வரோணுமுங்க" என்று என்னையும் சேர்த்து அழைத்தார். தகப்பனார், "வர்றோம் கண்ணு" என்றார். வெள்ளிக்கிழமையைப் பற்றி வாய் திறக்கவில்லை. கம்பெனியின் கஷ்டத்தை ஆட்களிடம் சொல்வது அவர்கள் முன் கையேந்துவதற்குச் சமம் என்பது அவருடைய கொள்கை. வேலை கொடுப்பவர் முகத்தில் கவலை தெரிந்தால் ஆள் நிற்காது என்பார்.

புதன் நண்பகலில், துணி போர்த்திக் கிடந்த பன்னிரண்டு இயந்திரங்களையும் பூட்டிவிட்டு நாங்கள் போனோம். பந்தியில் எங்கள் டைலர்களே ஓடியாடிப் பரிமாறினார்கள். "அம்மிணி, எங்கூரு நோம்பிக்கு என்ன கலரு போட்டிருக்கறே?" என்று ஒருத்தி கேட்க, "பச்சை" என்றேன். "பச்சையா! செகப்பு போட்டிருந்தா இன்னும் ரெண்டு நாளு சேத்தி லீவு கெடைச்சிருக்குமே" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தகப்பனார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு கவளமும் வாய்க்குப் போகவில்லை.

ரச வாளியோடு வந்த பழனாத்தாள் நின்றுவிட்டார். "ஏனுங்க முதலாளி, உப்புப் பத்தலீங்களா?"

"எல்லாம் நல்லா இருக்குது கண்ணு."

நான் சொல்லிவிட்டேன். "வெள்ளிக்கிழமை லாரி வருது. பாதிகூடத் தெச்சு முடியல. இந்தத் தடவையும் லேட்டானா அந்த ஏஜெண்டு இனிமே வேலையே தரமாட்டாரு."

பழனாத்தாள் ரச வாளியைக் கீழே வைத்தார். தகப்பனார் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. அதில் கோபத்தைவிடக் கூச்சமே அதிகம்.

"திங்கக்கெழம வெத்தல வாங்கறப்பவே சொல்லியிருக்கலாமுங்களே?" என்றார் பழனாத்தாள். "எந்தத் துணி என்னைக்குப் போகோணும்னு எங்களுக்கு என்னுங்க தெரியும்? வந்தாத் தெக்கறோம், வல்லீன்னா பேசிக்கிட்டிருக்கறோம்."

"நோம்பிக்குக் கூப்புட வந்த புள்ளைகிட்ட அத எப்படிக் கண்ணு சொல்றது?"

"சொல்லாமச் சோத்தப் பெசஞ்சுட்டே இருந்தா துணி தானாத் தெச்சுக்குமுங்களா?"

முதலில் சிரித்தவர் தகப்பனார்தான். பிறகுதான் மற்றவர்கள் துணிந்து சிரித்தார்கள்.

வியாழன்தான் கறிவிருந்தும் மஞ்சள் நீராட்டும். அந்த நாளை விட்டுவிட்டு எவரும் வேலைக்கு வரமாட்டார்கள். ஆனால் அன்று காலை ஆறு மணிக்கே ஏழு பேர் வந்து இயந்திரத்தில் அமர்ந்தார்கள். விருந்தினரைக் கவனித்துவிட்டு மற்றவர்களோடு நண்பகலில் வந்த பழனாத்தாளின் புடவையெல்லாம் மஞ்சள் நீர். தைப்பதோ வெள்ளைப் பனியன். என் தாயார் தம் புடவை ஒன்றைக் கொடுத்து, சோப்புப் போட்டு இருமுறை கை கழுவச் செய்தார். அப்படியும் சில பனியன்களில் மஞ்சள் ஏறி, அவற்றைத் தனியே ஒதுக்கினோம். அவ்வளவு செய்தும் வெள்ளியன்று முடியவில்லை. வெள்ளி காலையிலேயே தகப்பனார் ஏஜெண்டைத் தேடிப் போய், சரக்கு சனிக்கிழமைதான் ஏறும் என்று தாமே சொன்னார். கேட்பதற்கு முன் குறையைச் சொன்னது அவர் வாழ்வில் அதுவே முதல் முறை. ஏஜெண்டு முணுமுணுத்தார், ஆனாலும் வேலை கொடுப்பதை நிறுத்தவில்லை.

அதன்பின் எல்லோரும் எங்களிடமே நிலைத்துவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். ஆடி முடிவதற்குள் இரண்டு பேர் வேறு கம்பெனிக்குப் போனார்கள். ஆனால் எந்தச் சரக்கு என்று போக வேண்டும் என்பதைத் திங்கள்தோறும் தேநீர் வேளையில் தகப்பனார் டைலர்களிடம் சொல்லிவந்தார்.

கோயம்புத்தூரில் கல்லூரிப் படிப்பை முடித்துத் திரும்பிய நான், அவருக்குப் பின் அதே கம்பெனியை நடத்திவருகிறேன். உள்ளூர்ப் பெண்கள் இப்போது தைக்க வருவதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போனதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் காண்ட்ராக்டர் ஆள் அனுப்புகிறார். பெயர்ப் பட்டியல் கைபேசியில் வருகிறது. எவர் ஊரில் என்ன விழா என்று எனக்குத் தெரியாது. வெற்றிலை பாக்கோடு என் அறைக்கு எவரும் வருவதில்லை. அழைத்தாலும் இரண்டு நாள் ரயில் பயணம்.

சென்ற மாதம் ஊருக்குப் போன ஒன்பது பேர் சொன்ன நாளில் திரும்பவில்லை. காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. இங்கேயே இருந்த மூவர் தங்கியிருக்கும் அறைக்கு முதல் முறையாக நானே நடந்து போனேன். அவர்களுள் மூத்தவர், கொடியில் கிடந்த துணிகளை அவசரமாக ஒதுக்கி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "அம்மா, உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். எந்தச் சரக்கு, எந்தத் தேதி, போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை எளிய தமிழில் சொல்லி, தேதியை விரல்களாலும் காட்டினேன். அவர் தலையசைத்துவிட்டு, கைபேசியை எடுத்து ஊரில் யாரையோ அழைத்துப் பேசத் தொடங்கினார். நடுவே ஒருமுறை சிரித்தார். ஒருமுறை குரலை உயர்த்தினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் பேசி முடிக்கட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.