எங்க படகும் நம்ம படகும்

என் கடைசித் தங்கச்சியைக் கட்டியவருக்கு ஊரில் பல்லுக்காரர் என்று பேர். பல் டாக்டர் இல்லை. டாக்டர் பிடுங்கிப் போட்ட இடத்துக்குச் செட் செய்து கொடுக்கிறவர். எங்கள் தெருவில் அறுபது தாண்டிய யாராவது தாராளமாகச் சிரித்தால் அது முக்கால்வாசி இவர் கைவேலை. என் மேல்வரிசையும் அவர் செய்ததுதான். அவரைப் பற்றி நான் குறை சொல்வதே அவர் பல்லை வைத்துத்தான்.

எங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு உண்டு. பெரிய சித்தப்பாவுக்குக் கடிகாரம். வீட்டில் பதினோரு கடிகாரம் இருந்தது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, அவரும் சித்தியும் மாதிரி. மூத்த அத்தை மகனுக்குக் கோர்ட்டு. வழக்கு இல்லாத நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் அதெல்லாம் வீட்டுக்குள் அடங்குகிற கிறுக்கு. மாப்பிள்ளையின் கிறுக்கு பதினாறு அடி நீளம்.

கல்யாணமாகி இருபது வருடம் மனிதர் ஒழுங்காகத்தான் இருந்தார். பிறகு ஒருநாள் எங்கிருந்தோ ஒரு பழைய மரப் படகை லாரியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கினார். ஒரே மாதத்தில் சரிபண்ணி ஏரியில் விடுவதாகப் பேச்சு. அந்த ஒரு மாதம் பதினாலு வருடம் ஓடியது. வாசல் கதவு பாதிதான் திறக்கும். உடம்பு பெருத்த சொந்தக்காரர்கள் பின்பக்கம் சுற்றிச் சமையலறை வழியாக வந்து, வந்த வழியிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். தங்கச்சியின் மாமியார் இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனது ஜன்னல் வழியாக. அப்போதும் மகன் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்களிடம் சொன்னது, பார்த்துத் தூக்குங்க, பெயிண்ட் உரசிடப் போகுது என்பதுதான். பல்செட்டுக்குப் பளபளப்பு ஏற்றுகிற மாவைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்து படகுக்குத் தேய்ப்பார். படகு பளிச்சென்று சிரிக்கும். மிதக்க மட்டும் மிதக்காது.

கடைசியில் ஒரு ஃப்ரிட்ஜ் வந்து விஷயத்தை முடித்தது. புது ஃப்ரிட்ஜ் எந்தப் பக்கமும் நுழையாமல், கொண்டுவந்தவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தங்கச்சி கத்தவில்லை. அவள் கத்தினால் பயமில்லை, கத்தாவிட்டால்தான் பயம்.

"ஒண்ணு அது போகணும், இல்ல நான் போறேன். ரெண்டுல எது மிதக்கும்னு யோசிச்சு வச்சுக்குங்க" என்றாள்.

யோசித்தார். படகு இப்போது ஒரு மழலைப் பள்ளி மைதானத்தில் மண்ணுக்குள் பாதி புதைந்து நிற்கிறது. குழந்தைகள் ஏறி நின்று கத்துகிறார்கள். அதன் வாழ்நாளில் அது பார்த்த முதல் பயணிகள் அவர்கள்தான். மாப்பிள்ளை ஒடுங்கிப்போனார். அந்த வாரம் அவர் செய்த செட்டை மாட்டிக்கொண்ட ஒருவருக்குப் பேசும்போதெல்லாம் விசில் வந்தது.

பாவமாய்ப் போய் தங்கச்சிதான் ஒரு படகுச் சங்கத்தை விசாரித்துக்கொண்டு வந்தாள். ஏரிக்கரையில் ஒன்பது பேர் சேர்ந்து ரெண்டு படகு வைத்திருந்தார்கள். யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை, எல்லாருக்கும் முறை உண்டு. நிறுத்த இடம், பெயிண்ட், கயிறு எல்லாம் சங்கத்துத் தலைவலி. மாப்பிள்ளைக்கு முதலில் பிடிக்கவில்லை. "அடுத்தவன் கழட்டி வச்ச பல்லை நான் மாட்டிக்கிறதா, மச்சான்?" என்று என்னிடம் கேட்டார்.

ஆனாலும் போனார். போனவர் முழங்கால் வரை நனைந்து திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். துடுப்புப் பிடித்த கொப்புளம். பதினாலு வருடம் படகுக்காரராக இருந்தவர் தண்ணீரில் இறங்கியது அன்றைக்குத்தான்.

புதிதாகச் சேருகிறவருக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடிந்ததும் கூட்டம் போடுவார்கள். ஒன்பது பேரும் சரி என்றால்தான் உள்ளே. ஒருவர் வேண்டாம் என்றாலும் வெளியே. இவர் என்ன செய்தார் என்றால், வாசலில் படித்த பழக்கத்தை எல்லாம் ஏரிக்குக் கொண்டுபோனார். தன் தலையணையைப் படகில் நிரந்தரமாகக் கட்டி வைத்தார். மற்றவர்கள் போட்ட முடிச்சை அவிழ்த்துத் தன் முடிச்சாகப் போட்டார். ஈரத் துடுப்பை உள்ளே வைக்காதீர் என்று சீட்டு எழுதி ஒட்டினார். ஆறு மாதத்தில் ஒன்பது பேருக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை வந்துவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள் தங்கச்சி என்னைத் தேடி வந்தாள். "அண்ணா, இந்த மனுஷன் பழைய சாமான் கடையில ஒரு படகைச் சுத்திச் சுத்தி வர்றாராம். அவங்க சேர்த்துக்கலைன்னா என் வாசல் மறுபடி போச்சு. நீ கூடப் போ."

போனேன். வேண்டியவர் ஒருவர் வந்து இவருக்காகப் பேசலாம் என்று அவர்கள் விதியிலேயே இருந்தது. படகுக் கொட்டகைக்கு மேலே ஒரு அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு பலகை, அன்றைக்கு யார் முறையோ அவர் பெயர் எழுதிய வில்லை ஆணியில் தொங்கும். தலைவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எதையும் மெதுவாக, மாடி மாடியாகத்தான் பேசுவார். என்னைப் பேசச் சொன்னார். மாப்பிள்ளை நல்லவர், குடிக்க மாட்டார் என்றேன். முப்பத்துநாலு வருடத்துக்கு முன்னால் அவர் பெண் கேட்டு வந்தபோது அவருடைய மாமா சொன்னதும் அதேதான். அதற்கு மேல் அன்றைக்கும் யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் அந்த ஒன்பது பேரில் பஸ் ஓட்டுகிற அம்மா ஒருத்தி எழுந்தாள். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை, குரலும் அதே கனம்.

"போன மாசம் இவரும் நானும் ஒண்ணாப் போனோம். நான் துடுப்பைத் தொட்டதுமே சொல்றாரு, 'பார்த்து, அக்கா, எங்க படகு இடதுபக்கம் இழுக்கும்'னு. எங்க படகாம். அப்ப நான் யாரு? டிக்கெட் எடுத்து ஏறினவளா?"

எல்லாரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. சீட்டு, தலையணை, முடிச்சு எல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாளாம். இந்த 'எங்க' மட்டும் ஒரு மாதமாகத் தொண்டையில் நிற்கிறதாம்.

லிஃப்ட்டுக்காரர் சமாதானமாக, நம்ம படகுன்னு ஒரு தடவை சொல்லிடுங்க, முடிச்சுக்கலாம் என்றார். எவ்வளவு லேசான விஷயம். மாப்பிள்ளை எழுந்து தொண்டையைச் செருமினார். "நம்ம..." என்றார். "நம்ம சங்கத்துல இருக்கிற என்னோட..." என்று ஆரம்பித்து, சொன்னது தன் காதிலேயே விழ, நின்றுவிட்டார். வேர்த்துக் கொட்டியது. பஸ்கார அம்மா கையைக் கட்டிக்கொண்டாள். தங்கச்சியின் வாசலில் இன்னொரு படகு வந்து இறங்குவது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஏரி அலுவலகத்துக் காவலர் படியேறி வந்தார். கீழே நீலப் படகு பின்பக்கம் முங்கிக்கொண்டிருக்கிறது, இப்போதே எடுக்காவிட்டால் இழுத்துப்போய்ப் பூட்டிவிடுவோம், யாருடையது அது என்று கேட்டார்.

எல்லார் கண்ணும் பலகைக்குப் போனது. காலை முறை பஸ்கார அம்மாவுடையது. படகைக் கரையேற்றிக் கழுவி, அழுக்குத் தண்ணீர் வடிய அடித் தக்கையைப் பிடுங்கியவள், திரும்பப் போட மறந்து தண்ணீரில் தள்ளியிருக்கிறாள். அவள் கை மெதுவாகத் தன் சட்டைப் பைக்குப் போனதைப் பார்த்தேன். தக்கை அங்கேதான் இருந்தது. பொதுப் படகு மிதக்கும்போது பத்துப் பேருக்குச் சொந்தம், முங்கும்போது அநாதை.

மாப்பிள்ளைதான் பேசினார். "எங்க படகு, சார். நாங்கதான் தக்கையைப் போட மறந்துட்டோம்."

"நாங்கன்னா யாரு? கடைசியா எடுத்தது யாருன்னு கேட்கிறேன்."

"நாங்கன்னா நாங்கதான். இதோ உட்கார்ந்திருக்கோமே."

அதே 'எங்க'தான். ஆனால் இந்தத் தடவை அந்த வார்த்தைக்கு வெளியே நின்றது காவலர் மட்டும்தான். பஸ்கார அம்மா கட்டியிருந்த கையை எடுத்துவிட்டாள். மாப்பிள்ளைக்குப் பெருந்தன்மை பொங்கிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் படகை வேறொருவர் கடைசியாகத் தொட்டார் என்று வெளியாளிடம் ஒப்புக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. எனக்குத் தெரியும், பல் கட்டின நாளிலிருந்து பழக்கம்.

எல்லாரும் இறங்கி ஓடினோம். பேன்ட்டை மடித்துக்கொண்டு, வாளி வாளியாக இறைத்தோம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பஸ்கார அம்மா தக்கையை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். அவர் வாங்கிப் பொருத்தி, ரெண்டு தட்டு தட்டினார்.

"சரி, சேர்த்துக்கலாம். ஆனா அந்தத் தலையணை போகணும்" என்றாள்.

தலையணைக்காக அரை மணி நேரம் வாதாடித் தோற்றார். பிறகு ஒன்பது பேரும் ஈரக் கையைத் தூக்கினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி வாசல் கதவை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். சேர்த்துக்கொண்டார்கள் என்று சொன்னதும் அவளுக்கு மூச்சு வந்தது.

"வாரத்துல எத்தனை நாள் முறைண்ணா?"

"ஒரு காலை. புதன்கிழமை."

கணக்குப் போட்டாள். வாசலில் படகு இல்லை. பட்டறை நேரம் போக மீதி ஆறு நாளும் மனிதர் இனிமேல் வீட்டுக்குள்தான். உள்ளே சமையலறை அலமாரிக் கதவு திறந்து மூடி, மறுபடி திறக்கிற சத்தம் கேட்டது.

"ஏம்மா, இந்தத் திருப்புளியை எங்க வச்சிருக்கே?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "அண்ணா, இன்னொரு நாள் கேட்டா கொடுக்க மாட்டாங்களா?"