துடைக்காத ஓரம்

என் அத்திம்பேர் வைத்தீஸ்வரன் ஒரு வருஷத்துக்கு மேல் தன் காரின் வைப்பரோடு மல்லுக்கட்டினார். கோளாறு அவர் கண்ணில் இருந்தது. அவர் அதை வைப்பரில் தேடினார். தேடிய நாளெல்லாம் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. துக்கம் அதற்கப்புறம்தான்.

அத்திம்பேர் கல்கத்தா துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது சீர்காழிப் பக்கம். ஆனால் பக்கத்து வீட்டு வங்காளிகளோடு அவர்கள் பாஷையிலேயே அரசியல் பேசிச் சண்டை போடும் அளவுக்கு இந்த ஊரில் ஊறிப்போனவர். பெஹாலாவில் சொந்த வீடு. என் அக்கா சுலோசனாவை அவர் கல்யாணம் பண்ணிக்கொண்டு அழைத்துவந்தபோது நான் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் எனக்கும் வங்கி வேலை கிடைத்து, இதே ஊருக்கு வந்து, சால்ட் லேக்கில் குடியேறினேன்.

எழுபதுகளில் ஒரு சணல் மில் வெள்ளைக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியபோது அவருடைய ஸ்போர்ட்ஸ் காரை அத்திம்பேர் வாங்கிக்கொண்டார். கரும்பச்சை நிறம், கேன்வாஸ் கூரை, இரண்டே இருக்கை. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த வண்டியின் பக்தர்கள் இன்னும் இருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள். குடும்பஸ்தன் வாங்குகிற வண்டியா இது என்று என் அப்பா கேட்டதற்கு, "எங்க ரெண்டு பேருக்கு ரெண்டு சீட் போறாதா?" என்று அத்திம்பேர் சிரித்தாராம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அக்காவும் கூடவே சிரித்தாள்.

அக்கா எதற்கும் அவர் கூடத்தான். சாம்பாரில் உப்பு தூக்கல் என்று அவர் சொன்னால் அவளுக்கும் தூக்கல். அவருக்குக் குளிரவில்லை என்றால் அவளும் சால்வையைக் கழற்றிவிடுவாள். "உனக்குன்னு ஒரு நாக்கு இருக்கா, இல்லையாக்கா?" என்று நான் கேலி செய்வேன். "அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சுடப் போறது?" என்பாள். அதைப் பெருமையாகவே சொல்வாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மழையில்தான் வைப்பர் பேச்சு ஆரம்பித்தது. வெயிலில் ஒரு குறையும் இல்லை. வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டால் மட்டும், முன் கண்ணாடியின் ஓரங்கள் தெரியவில்லை என்றார். நடுவில் துடைக்கிறது, இரண்டு பக்கமும் ஓரத்தை விட்டுவிடுகிறது என்று புகார். முதலில் பிளேடை மாற்றினார். அப்புறம் கண்ணாடியில் அழுத்தி உட்காரவில்லை என்று வைப்பர் கைகளின் ஸ்பிரிங்கை மாற்றினார். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குழாய் உண்டு. அதற்குள் ஓடுகிற பல் வைத்த கம்பிதான் மோட்டாரின் இழுப்பை இரண்டு வைப்பருக்கும் கொண்டுபோகிறது. அதை உருவிப் பார்த்தால், பழைய கிரீஸ் வெல்லப்பாகு காய்ந்ததுபோல் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிப் புது கிரீஸ் தடவினார். மோட்டாருக்குக் கரண்ட் குறையாமல் வர, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, நடுவில் ஒரு ரிலே வைத்தார்.

இதெல்லாம் வெற்றுவேலை என்று சொல்லிவிட முடியாது. கிழட்டு வைப்பர்தான், முன்பெல்லாம் ஒரு பக்கம் போய்த் திரும்புவதற்குள் தூக்கம் வந்துவிடும். இவர் கை பட்ட பிறகு சுறுசுறுப்பாக ஓடியது. ஆனால் அவர் மட்டும் திருப்தியடையவில்லை. மல்லிக் பஜாரில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, வீச்சு அகலமாக வரும்படி மோட்டாருக்குள் வேறு பல்சக்கரம் போட்டார். கடைசியில் மோட்டாரையே மாற்றி இரண்டு வேகம் வைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற மனிதருக்குப் பொழுது போகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

ஒவ்வொன்றையும் மாற்றியதும் பரீட்சை நடக்கும். மேகம் கவிந்த சாயங்காலமாகப் பார்த்து வண்டியை வாசலில் நிறுத்துவார். அவர் உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார, அக்கா வெளியே பூவாளியோடு கண்ணாடியின் ஓரத்தில் நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும். வைப்பர் போய் வரும். "தெரியலை சுலோ! ஓரத்துல துடைக்கவே இல்லை!" என்று உள்ளிருந்து கத்துவார். பிறகு அவளை உள்ளே உட்காரவைத்து, தான் வெளியே நின்று ஊற்றுவார். "உனக்குத் தெரியறதா?"

"எனக்கும் தெரியலை" என்பாள் அக்கா.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. எனக்கு அரை நாள் வேலை. அக்காவுக்குக் காய்ச்சல் என்று, அத்திம்பேர் டல்ஹௌசிக்கு வந்து வங்கி வாசலில் என்னை ஏற்றிக்கொண்டார். நான் அந்த வண்டியில் மழையில் போனது அன்றைக்குத்தான். கிதிர்பூர் தாண்டுவதற்குள் அடித்துப் பெய்ய ஆரம்பித்தது. வைப்பர் பிரமாதமாக ஓடியது. பாராட்டலாம் என்று வாயைத் திறந்தபோது, இடது பக்கச் சந்திலிருந்து ஒரு தள்ளுவண்டிக்காரன், தலையில் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக்கொண்டு, சாலைக்கு வந்துகொண்டிருந்தான். சந்தைவிட்டு அவன் வெளியே வந்ததிலிருந்து எனக்குத் தெரிந்தது. அத்திம்பேர் நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் நேராகப் போய்க்கொண்டே இருந்தார்.

"அத்திம்பேர்!" என்று அலறி ஸ்டீயரிங்கைப் பிடித்து வலது பக்கம் திருப்பினேன். வண்டி டிராம் தண்டவாளத்தின் மேல் ஏறிக் குலுங்கி நின்றது. தள்ளுவண்டி சரிந்து, கத்தரிக்காய்கள் தண்ணீரில் மிதந்தன. அந்த மனிதனுக்கு அடி ஒன்றும் இல்லை. அவன் திட்டிய திட்டை நான் இங்கே எழுத முடியாது. அதில் ஒன்றுகூட அநியாயம் இல்லை.

அத்திம்பேர் இன்ஜினை அணைத்தார். என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "பாத்தியா ஷியாமு? நான் சொல்லிண்டே இருக்கேனே, அந்த ஓரத்தைத் துடைக்கலை."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். மூலைவரை பளிச்சென்று இருந்தது.

"துடைச்சிருக்கு அத்திம்பேர். எனக்கு நன்னாத் தெரிஞ்சுது."

"என்ன உளர்றே? உங்க அக்காவைக் கேளு. அவளுக்கும் அங்க தெரியறதில்லை."

பெஹாலா போய்ச் சேரும்வரை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். இடது பக்கத்தை நான் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் அதைக் கேட்டுக் கேட்டு ஓட்டினார்.

காய்ச்சலோடு எழுந்து அக்கா காபி கலந்துகொண்டிருந்தாள். அத்திம்பேர் உடை மாற்ற உள்ளே போனதும் நான் சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, மழையில அந்தக் கண்ணாடி ஓரம் உனக்குத் தெரியறதா, தெரியலையா?"

"எந்த ஓரம்?"

"எந்த ஓரம்னு உனக்குத் தெரியும்."

அவள் அடுப்பை அணைத்தாள். "தெரியறது" என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"எப்பவுமே தெரிஞ்சுதுடி. பூவாளியை வெச்சுண்டு நிக்கறப்போ அந்த ஓரம் வழியா அவர் முகம் எனக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடி வழுக்கி எறங்கியிருக்கறதுகூடத் தெரியும். அவர் என்னைத் தேடிண்டிருப்பார். அதே கண்ணாடிதானே."

"அப்பறம் ஏன் தெரியலைன்னே?"

"அவர் தெரியலைங்கறப்போ, எனக்குத் தெரியறதுன்னு எப்படிடி சொல்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் கிடைத்த டம்ளரைத் தரையில் அடித்தேன். "ஒரு ஆளை இன்னிக்குக் கொன்னிருப்பார்! உன் ஆம்படையான் கண்ணை நீயே பிடுங்கிண்டிருக்கே, தெரியறதா உனக்கு?" என்றேன். காய்ச்சலில் கிடந்தவளிடம் சொல்லக்கூடிய வார்த்தை இல்லைதான். சொல்லாமல் இருந்திருக்கவும் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் குனிந்து, உருண்டோடிய டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தாள். "வயசாயிண்டு வரது, கண்ணாடி பவர் ஏறியிருக்கும், தானாத் தெரிஞ்சுப்பார்னு இருந்துட்டேன்" என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரம் மூவரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஒரு வங்காளிப் பெண், பொறுமையாகச் சொன்னாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஓரங்களை முதலில் தின்றுவிட்டு நடுவுக்கு வருகிற நோய் அது. நல்ல வெளிச்சத்தில் மூளை ஏதோ இட்டு நிரப்பிச் சமாளித்துக்கொள்ளும், மங்கலில்தான் குட்டு வெளிப்படும். போனது திரும்பி வராது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம். வண்டி ஓட்டுவதை இன்றோடு விட்டுவிட வேண்டும். "போன மழைக்கே வந்திருந்தால் இன்னும் நிறைய மிச்சம் இருந்திருக்கும்" என்று அவள் சொன்னபோது நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் அத்திம்பேர் நின்றார்.

"சுலோ, உனக்கு அந்த ஓரம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது" என்றாள் அக்கா.

அவர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டாக்ஸியைப் பார்த்து நடந்தார். கத்தியிருந்தால் தேவலை. கத்தவே இல்லை. அன்றிலிருந்து அவர் அக்காவை எதுவுமே கேட்பதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் வாய் ஓயாமல் கேட்கிற மனிதர். இந்தச் சட்டை நன்னாருக்கா, மழை வருமா, பக்கத்து வீட்டு முகர்ஜி சொன்னது சரியா என்று அவளிடம் கேட்காமல் அவருக்கு ஒன்றும் ஓடாது. அவள் பதில் எப்போதும் ஒன்றே என்றாலும் கேட்பார். இப்போது வேளாவேளைக்கு முகத்தை அண்ணாந்து காட்டுவார், அவள் மருந்தை விடுவாள், அவர் கண்ணை மூடிக்கொள்வார். வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. விற்றுவிடுங்கள் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

குளிர்காலம் முடிந்து ஒரு நாள் போனபோது அக்கா வீட்டில் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போயிருக்கிறாள் என்றார் அத்திம்பேர், யாரோ எதிர்வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவள், வாழ்க்கையில் சைக்கிளைக்கூடத் தொடாதவள். எல் போர்டு தொங்கும் அம்பாசிடர் ஒன்று டயமண்ட் ஹார்பர் சாலையில் எறும்புபோல் ஊர்ந்து வந்தது. சொல்லிக்கொடுப்பவன் வங்காள வழக்கப்படி அவளைச் சித்தி முறை வைத்து, "மாஷிமா, ப்ரேக்! ப்ரேக்!" என்று கதறுவது எனக்கு வாசல்வரை கேட்டது.

"எதுக்குக்கா இந்த வம்பு?" என்றேன்.

"நான் பண்ணினதுக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியலைடி" என்றாள். "வண்டி நின்னு போச்சுன்னா அவரும் நின்னு போயிடுவார்."

லைசென்ஸ் வாங்கிய அன்று தார்ப்பாயை அவளே இழுத்துப் போட்டாள். சாவியைக் கேட்டாள். அவர் கொடுத்தார், போய் இடது பக்கம் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சால்ட் லேக்குக்கு வர ஆரம்பித்தார்கள். வழியெல்லாம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, "மூணாவது போடு", "கிளட்சை விடு" என்று சொல்வாராம். உத்தரவுதான். கேள்வி ஒன்றும் இல்லை.

இரண்டாயிரமாவது வருஷம், ஆடி மாசம். மதியச் சாப்பாடு முடிந்து அவர்கள் கிளம்பும்போது வானம் கிடுகிடுவென்று இருண்டு கொட்ட ஆரம்பித்தது. இருந்துவிட்டுப் போங்கள் என்றேன். இது இப்போதைக்கு விடுகிற மழை இல்லை என்று அக்கா போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். மழையில் அவள் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. குடையைப் பிடித்துக்கொண்டு நான் அவள் பக்கத்து ஜன்னலோரம் நின்றேன். இன்ஜினைக் கிளப்பினாள். வைப்பர் சுவிட்சை இரண்டாவது வேகத்துக்குத் தள்ளினாள். அவர் செய்த வைப்பர் தண்ணீரை வாரி வாரி எறிந்தது.

அத்திம்பேர் முகத்தை நேரே வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி ஏன் நகரவில்லை என்று காத்திருந்திருக்கலாம். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தெரியறதா, சுலோ?"

ஒரு வருஷத்துக்கப்புறம் கேட்கிறார். நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போயேன் என்று எனக்கே தோன்றியது. அவள் அவசரப்படவில்லை. வைப்பர் போய்த் திரும்பி, போய்த் திரும்பி வருவதைப் பார்த்தாள். கண்ணாடியின் இந்த மூலையையும் அந்த மூலையையும் பார்த்தாள்.

"என் பக்கம் நன்னாத் தெரியறது. ஓரம்வரைக்கும் தெரியறது" என்றாள். "உங்க பக்கம் மேல ஒரு கோடு விடறது."

"கோடா?"

"ஆமாம். பிளேடு அங்க படலை."

நாற்பது வருஷத்தை நெருங்கும் தாம்பத்தியத்தில் அவர் செய்த வேலையில் அவள் சொன்ன முதல் குறை அது. அத்திம்பேர் முன்னால் சாய்ந்து, உள்பக்கமாகக் கண்ணாடியில் விரலை வைத்துத் தடவினார்.

"இங்கயா?"

"இல்லை. இன்னும் மேல."

"இங்க?"

அக்கா ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, அவர் விரலைப் பிடித்து, சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"சரி. நாளைக்குப் பாக்கறேன்" என்றார் அவர். விரலை உடனே எடுக்கவில்லை. நான் குடையோடு பின்னால் நகர்ந்து வழிவிட்டேன்.